பெரியப்பா சாக்ஸபோனும் நான் உரிச்ச லாக்கரும்

இந்த எபிசோட் நான் செஞ்சுட்டு திருப்ப முடியாம நிக்கிற ஒரு வேலையைப் பத்தினது.

எங்க ஊரு கடையநல்லூர். பெரியப்பா பேண்ட் செட்டுல ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிச்சவர். 1978-ல மதுரையில செகண்ட் ஹேண்டா வாங்கின வாத்தியம். 1994-ல ‘டூயட்’ படம் வந்துச்சுல்ல? படத்துல பிரபு கையில சாக்ஸ், உண்மையில வாசிச்சது கத்ரி கோபால்நாத். அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பெரியப்பாகிட்ட அந்தப் பாட்டுங்களைத்தான் கேப்பாங்களாம்.

பன்னெண்டு வருஷமா அது கட்டிலுக்கு அடியில கிடந்தது. இந்த ஆவணியில அவர் பேத்திக்குக் கல்யாணம். “ஒரு பாட்டாவது வாசிக்கணும், சரிபண்ணித் தால”ன்னாரு. நான் பெட்டியைத் திறந்தேன். அங்கங்க கறுப்பு, அங்கங்க மஞ்சள், சில இடத்துல தோல் உரிஞ்ச மாதிரி. முதல்ல பளபளன்னு ஆக்கணும்னு முடிவு பண்ணினேன். தப்பு அங்கதான் ஆரம்பிச்சது.

அந்தத் தோல்தான் லாக்கர். பேங்க் லாக்கர் இல்லை. (சிரிப்பு) பித்தளை கறுக்காம இருக்க மேல அடிக்கிற கண்ணாடி மாதிரி பூச்சு, தலைமுடியை விட மெல்லிசு. அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற புளியைக் கொடுத்தாங்க. புளியில இருக்கிற அமிலம் பித்தளைக் கறையைக் கரைக்கும், ஆனா லாக்கரை ஒண்ணும் பண்ணாது.

பழைய செல்லுலோஸ் லாக்கர்னா கொதிக்கிற தண்ணியே போதும், பால் ஆடை மாதிரி சுருண்டு வந்துடும். பிற்காலத்து எபாக்ஸி பூச்சு அப்படி வராது, அதுக்குப் பெயிண்ட் ரிமூவர் வேணும். பழைய வகை ரிமூவர்ல மெத்திலீன் குளோரைடு இருக்கும். கதவைச் சாத்திக்கிட்டு அதை வச்சு வேலை பார்த்து உயிரையே விட்டவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம். தண்ணியோ ரிமூவரோ, கீ, ஸ்ப்ரிங், தோல் பேட், கார்க் எல்லாத்தையும் கழட்டின பிறகுதான்.

நான் முதல்ல நெக்கை மட்டும் கழட்டி, அதுல ஒட்டியிருந்த கார்க்கையும் எடுத்துட்டு, கொதிக்கிற தண்ணியில முக்கினேன். அரைமணி நேரத்துல வெறும் பித்தளை. அவ்ளோ சந்தோஷம்! அப்புறம் பார்த்தா அங்கங்க ரோஸ் நிறப் புள்ளி. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும். வருஷக்கணக்கா எச்சில் பட்டு துத்தநாகம் மட்டும் அரிச்சுப் போயிடுச்சு, மிச்சம் நிக்கிறது செம்பு. எந்தப் பாலிஷுக்கும் அது போகாது.

பாடியையும் உரிக்கலாமான்னு சென்னையில ஒரு ரிப்பேர்காரருக்கு போன் போட்டேன். “நிறுத்துங்க”ன்னாரு. பஃப் சக்கரத்துல கொடுத்தா பித்தளையே தேயும், மணி மேல பொறிச்ச பூவேலை மழுங்கும், ஓட்டைகளோட விளிம்பு போனா பேட் சரியா உக்காராது. விக்கிறதா இருந்தாலும் உரிஞ்ச பழைய லாக்கருக்குத்தான் விலை, புதுசா பூசினதுக்கு இல்லைன்னாரு. லாக்கர் எடுத்தா சத்தம் திறக்கும்னு சொல்றவங்க நிறைய இருக்காங்க. எனக்கு நம்பிக்கை இல்லை. சத்தம் போடுறது உள்ள நிக்கிற காத்து. ரீடும் மவுத்பீஸும் மாறினா வர்ற வித்தியாசத்துக்கு முன்னாடி இந்தப் பூச்சு எம்மாத்திரம்?

பெரியப்பா நெக்கைக் கையில வாங்கிப் பார்த்தாரு. திட்டலை. “மினுக்கம் யாருல கேட்டா? கீழ் ஸ்வரம் வரமாட்டேங்கு, அதப் பாரு”ன்னாரு.

அன்னைக்கு ராத்திரி ரூமை இருட்டாக்கி, சாக்ஸுக்குள்ள ஒரு சின்ன பல்பை விட்டேன். மூடியிருக்கிற பேட் ஓரத்துல வெளிச்சம் தெரிஞ்சா அங்க காத்து கசியுதுன்னு அர்த்தம். ஏழு இடத்துல தெரிஞ்சது! மேல கசிஞ்சா கீழ் ஸ்வரம் பேசாது. இத்தனை நாள் நான் தேய்ச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

பாடி லாக்கரை அப்படியே விட்டுட்டோம். வலது கட்டைவிரல் படுற இடத்துல வருஷக்கணக்கா அவரே தேய்ச்சு எடுத்த ஒரு வட்டம் இருக்கு, அதுவும் அப்படியே இருக்கு. பேட் மாத்த சென்னைக்கு அனுப்பியாச்சு. நெக்கை மட்டும் என்கிட்ட வச்சிருக்கேன். குற்றாலத்துல சீசன், சாரல் காத்து இங்க வரைக்கும் ஈரம் கொண்டுவருது. துணியால துடைக்காம ஒரு வாரம் விட்டா மங்கிடுது. அதனால தினமும் துடைக்கிறேன்.

ஆடி பொறந்தாச்சு. பார்சல் இன்னும் வரலை.