பழைய மோட்டார் சைக்கிளுக்கு எந்த ரெகுலேற்றர்?



பம்பலப்பிட்டியில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பழைய மோட்டார் சைக்கிள்கள் இன்றும் ஓடுகின்றன. ஹொண்டா சிடி 125, சிடி 200 போன்றவை. அபூர்வமாக ஒரு பிஎஸ்ஏ, ஒரு டிரையம்ப். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, மூலையில் கிடந்த வண்டியையும் துடைத்து எடுத்து ஓட்டியவர்கள் உண்டு. அப்படி எடுத்த வண்டி பெரும்பாலும் மின்சாரப் பக்கத்தில்தான் மல்லுக்கு நிற்கும்.

பற்றரி சில மாதங்களில் செத்துப்போகும். அல்லது அதன் தண்ணீர் கொதித்து வற்றும், பல்புகள் அடுத்தடுத்து எரிந்துபோகும். உடனே "ரெகுலேற்றர் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளுக்குப் போய், சொக்கெற் பொருந்துகிற ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறோம். சொக்கெற் பொருந்தினால் வண்டிக்கும் பொருந்தும் என்று நம்புவதில்தான் காசு கரைகிறது. எதை வாங்குவது என்பதை உங்கள் எஞ்சின் மின்சாரத்தை எப்படி உண்டாக்குகிறது என்பதுதான் தீர்மானிக்க வேண்டும்.

பெரும்பாலான ஜப்பான் வண்டிகளில் சுழலும் நிரந்தரக் காந்தமும் அதனருகே கொயிலும் இருக்கும். எஞ்சின் வேகம் ஏற ஏற வோல்ற்றும் ஏறும். காந்தத்தின் பலத்தைக் குறைக்க வழியில்லை. ஆகவே ரெகுலேற்றர் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி, தேவைக்கு மேற்பட்டதைத் தடுக்க வேண்டும். வழக்கமான சண்ட் வகை, மிகுதியைக் கொயிலுக்கே குறுக்காகத் திருப்பிவிடும். மொட்டைமாடித் தாங்கியின் வழிகுழாய் போல. அதனால் ரெகுலேற்றரும் கொயிலும் ஓயாமல் சூடாகும். சீரிஸ் வகை தேவையில்லாதபோது சுற்றையே துண்டித்துவிடும், சூடு குறைவு. நம் வெக்கைக்கும் காலி வீதி நெரிசலுக்கும், விலை கொஞ்சம் கூடினாலும், சரியான சீரிஸ் வகை கிடைத்தால் அதையே நான் எடுப்பேன்.

ஆனால் வாங்குமுன் அளந்து பாருங்கள். சாதாரண மல்ரிமீற்றர் போதும். 12 வோல்ற் பற்றரி, நன்கு சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6 காட்டும். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 13.8 க்கும் 14.5 க்கும் இடையில் நிற்க வேண்டும். 13 ஐத் தாண்டவே மறுத்தால் சார்ஜ் ஏறவில்லை. 15 ஐத் தாண்டினால் பற்றரி வேகிறது.

இந்த இரண்டாவது கோளாறில்தான் கடற்கரையோரத்தில் இருக்கிற நாம் கவனமாக இருக்க வேண்டும். ஹொண்டாவின் பல மாடல்களில் ரெகுலேற்றருக்கு ஒரு கறுப்பு வயர் போகும். அது சாவிச் சுவிச்சைக் கடந்து வரும் வயர். அதில் எத்தனை வோல்ற் இருக்கிறதோ, அதுவே பற்றரியின் நிலை என்று ரெகுலேற்றர் எடுத்துக்கொள்ளும். உப்புக்காற்றில் சுவிச்சின் உள்முனைகளும் இணைப்புகளும் பச்சை பூத்துவிட்டால், வழியிலேயே ஒரு வோல்ற் தொலையும். பற்றரியில் 14.5 இருக்க, கறுப்பு வயரில் 13.5 தான் வந்து சேரும். பற்றரிக்கு இன்னும் வேண்டும் என்று ரெகுலேற்றர் மேலும் தள்ளும், பற்றரி 15.5 இல் கொதிக்கும். இதில் ரெகுலேற்றரின் பிழை எதுவுமில்லை. எத்தனை புதிது மாற்றினாலும் இதே கதைதான். சாவியைப் போட்டு, பற்றரியின் பொசிற்றிவ் முனைக்கும் அந்தக் கறுப்பு வயருக்கும் இடையே மீற்றரை வையுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் முதலில் சுவிச்சையும் சொக்கெற்றுகளையும் துப்புரவாக்குங்கள். பச்சை எர்த் வயரையும் இப்படியே, ஆனால் பற்றரியின் நெகற்றிவ் முனையிலிருந்து, எஞ்சின் ஓடும்போது பாருங்கள்.

கொயிலையும் விட்டுவிடக் கூடாது. அதிலிருந்து வரும் வயர்களைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எஞ்சின் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மஞ்சள் வயர் வந்தால் அது மூன்று கட்ட வகை. அதில் எந்த வயரும் எர்த்தைத் தொடக் கூடாது. சின்ன வண்டிகள் சிலவற்றில் கொயிலின் ஒரு முனை எர்த்திலேயே இருக்கும். ஹெட்லைற்றும் ஆடலோட்டத்திலேயே எரியும். அதற்கு லைற்றையும் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றர்தான் வேண்டும். பெரிய வண்டியினுடையதைப் பூட்டினால் பல்புகள் தாங்கா. கடைக்காரரிடம் மாடலின் பெயரை மட்டும் சொல்லாமல், எத்தனை வயர், என்ன நிறம், லைற் எதில் எரிகிறது என்பதையும் சொல்லுங்கள். "எல்லாத்துக்கும் போடலாம், அண்ணன்" என்று நீட்டுவதை மட்டும் வாங்காதீர்கள்.

ஆங்கிலேய வண்டிக்காரருக்கு வேறு கணக்கு. 1950 களின் பல பிஎஸ்ஏ, டிரையம்ப் வண்டிகளில் 6 வோல்ற் டைனமோவும் லூக்காஸ் எம்.சி.ஆர்.2 என்ற ரெகுலேற்றர் பெட்டியும் இருக்கும். அதற்குள் துடிக்கும் முனைகள் டைனமோவின் காந்தக் கொயிலுக்குப் போகும் மின்சாரத்தையே கூட்டிக் குறைக்கும். அதன் பக்கத்தில் இருக்கும் கட்டவுட், எஞ்சின் மெதுவாக ஓடும்போது பற்றரி டைனமோவுக்குள் வடியாமல் தடுக்கும். பற்றரியைக் கழற்றிவிட்டு அளந்தால், 20 பாகையில் 7.6 முதல் 8.0 வோல்ற் வரை என்பது லூக்காஸ் அளவு. கொழும்பின் 30 பாகைக்கு அது 7.5 முதல் 7.9. முனைகளை மெல்லிய எமரித் துணியால் துடைத்து இந்த அளவுக்குக் கொண்டுவர முடிந்தால் வேறு எதுவும் வாங்கத் தேவையில்லை.

முடியாவிட்டால் டைனமோவுக்கென்றே செய்த இலத்திரனியல் ரெகுலேற்றர் இருக்கிறது. பழைய எம்.சி.ஆர்.2 பெட்டிக்குள்ளேயே அடங்கும் வகையும் உண்டு. ஆகவே பெட்டியை இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் எர்த். எதிர்மாறாகக் கொடுத்தால் புதிய ரெகுலேற்றர் அந்தக் கணமே எரிந்துவிடும். வாங்கும் ரெகுலேற்றரில் பொசிற்றிவ் எர்த்துக்கு உரியது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து, பிறகு காசைக் கொடுங்கள்.