அடுப்புக்கா, வயலுக்கா? – சாண எரிவாயுவின் பொருளாதாரம்

இந்தியாவில் விறகு அருகிப்போன வட்டாரங்களில், குறிப்பாகக் கங்கைச் சமவெளியில், தொழுவத்துச் சாணத்தின் கணிசமான பகுதி இன்றும் வரட்டியாகி அடுப்புக்குச் செல்கிறது. அடுப்பில் எரிந்த சாணத்தின் தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. எஞ்சும் சாம்பல் பெரும்பாலும் பாத்திரம் துலக்கவே பயன்படுகிறது. சாணத்தை எரித்தால் வயலுக்கு எரு இல்லை. வயலுக்கு இட்டால் அடுப்புக்கு எரிபொருள் இல்லை. வளரும் நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான இக்கட்டு இது. இவ்விரு தேவைகளையும் ஒரே சாணத்தால் நிறைவு செய்யலாம் என்பதே சாண எரிவாயுத் திட்டத்தின் அடிப்படை வாதமாகும். அவ்வாதம் எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே நலிவடைகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு கன மீட்டரின் கணக்கு

காற்றுப் புகாத கலத்தில் சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்து விட்டால், நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. வெளிவரும் வாயுவில் மெதேன் 55 முதல் 65 விழுக்காடு வரை இருக்கும். எஞ்சியது பெரும்பாலும் கரியமில வாயு. ஒரு கிலோ பசுஞ்சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்கும். அதாவது, ஒரு கன மீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் வேண்டும்.

அதே 25 கிலோ சாணத்தை வரட்டியாகத் தட்டினால் ஏறத்தாழ 5 கிலோ உலர்ந்த வரட்டி கிடைக்கும். அதன் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய அளவே பாத்திரத்தைச் சென்றடைகிறது. எரிவாயு அடுப்பிலோ பாதிக்கு மேற்பட்ட வெப்பம் பாத்திரத்தில் ஏறுகிறது. ஆகவே சமையலுக்கு ஒரு கன மீட்டர் வாயு செய்யும் வேலையைச் செய்ய 12 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட வரட்டி தேவைப்படுகிறது. எனவே ஒரே சாணத்திலிருந்து, வாயுவாக்கும்போது, சமையலுக்குரிய வெப்பம் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கிறது. அதன் பின்னரும் எரு அப்படியே மிஞ்சுகிறது. வாதத்தின் இப்பகுதியில் ஐயத்துக்கு இடமில்லை. கண்ணெரிச்சலும் புகையும் இல்லாத சமையற்கட்டின் மதிப்பை இக்கணக்கில் சேர்க்கவேயில்லை.

ஐந்தாறு பேர் கொண்ட குடும்பத்துக்கு நாள்தோறும் 2 கன மீட்டர் வாயு போதும். இது மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் சமையல் எரிவாயு உருளைக்குச் சமம். ஆனால் அதற்கு 50 கிலோ சாணம் வேண்டும். அதாவது தொழுவத்தில் கட்டித் தீனி போடும் நான்கைந்து மாடுகள் வேண்டும். மேய்ச்சலுக்குப் போகும் மாடுகளானால் பகற்சாணம் வழியிலேயே போய்விடும். இந்த மாட்டுக் கணக்கிலிருந்துதான் பின்னர் எழுந்த சிக்கல்கள் பலவும் தோன்றின.

கொப்பரையும் கூரையும்

கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1897ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் மலக்கழிவிலிருந்து வாயு எடுக்கப்பட்டது. 1930களின் இறுதியில் டில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். வி. தேசாய் சாணத்தைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். 1950களில் ஜஷ்பாய் படேல் உருவாக்கிய 'கிராமலட்சுமி' என்னும் மிதக்கும் கொப்பரை அமைப்பைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களின் தொடக்கத்திலிருந்து பரப்பலாயிற்று.

இவ்வமைப்பில் இரும்புக் கொப்பரை கரைசலின் மீது கவிழ்ந்து மிதக்கும். வாயு நிறையும்போது எழும், எடுக்கும்போது தாழும். வாயு எவ்வளவு இருக்கிறது என்பதை வீட்டுப் பெண்கள் பார்வையாலேயே அறிந்துகொள்ளலாம். இதனை இவ்வமைப்பின் பெரும் சிறப்பு எனலாம். ஆயினும் இரும்பு துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் வண்ணம் பூச வேண்டும். மொத்தச் செலவில் பெரும் பங்கைக் கொப்பரையே விழுங்கிவிடும். குளிர்காலத்தில் இரும்பின் வழியே வெப்பமும் வெளியேறும். 35 பாகை செல்சியஸை ஒட்டி நன்கு வேலை செய்யும் நுண்ணுயிர்கள் 15 பாகைக்குக் கீழே ஏறத்தாழ ஓய்ந்துவிடுகின்றன. வெந்நீருக்கு மிகுதியாக வாயு வேண்டிய தை, மாசி மாதங்களில்தான் வட மாநிலங்களில் வாயு குறைகிறது.

சீனத்து நிலையான கூரை அமைப்பைத் தழுவி 1978இல் 'ஜனதா' மாதிரியும், 1984இல் அஃப்ரோ என்னும் தன்னார்வ நிறுவனம் வடிவமைத்த 'தீனபந்து' மாதிரியும் வந்தன. இவற்றில் இரும்பே இல்லை. கலம் முழுவதும் நிலத்துக்குள் செங்கல்லாலும் சிமெண்டாலும் கட்டப்படுகிறது. செலவு குறைந்தது, ஆனால் கொத்தனாரின் கைத்திறன் மீது முழுப் பொறுப்பும் விழுந்தது. மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று போதும், வாயு முழுவதும் கசிந்து போக.

குழம்பின் மதிப்பு

கலத்திலிருந்து வெளிவரும் சாணக் குழம்பைப் பற்றித் திட்ட அறிக்கைகள் பேசும் அளவுக்கு விவசாயிகள் பேசுவதில்லை. இதற்குக் காரணம் உண்டு. நாளொன்றுக்கு 50 கிலோ சாணம் இடும் கலத்தில் ஆண்டுக்கு 18 டன் சாணம் செரிக்கிறது. அதிலுள்ள தழைச்சத்து சுமார் 50 கிலோ. செரிக்கும்போது கரிமப் பொருளில் ஒரு பகுதி வாயுவாகிப் போனாலும் தழைச்சத்து குழம்பிலேயே தங்குகிறது. இது ஏறத்தாழ இரண்டரை மூட்டை யூரியாவிலுள்ள சத்துக்கு ஈடு. 45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, விவசாயிக்கு 242 ரூபாய். அப்படியானால் ஓராண்டு முழுவதும் கிடைக்கும் குழம்பின் தழைச்சத்துக்கு அவருடைய கணக்கில் அறுநூறு ரூபாயைச் சற்றே தாண்டிய மதிப்புத்தான். நாட்டின் கணக்கு வேறு. அதே யூரியாவின் உண்மையான செலவு பன்மடங்கு. அதற்கான இயற்கை வாயுவில் பெரும் பகுதி இறக்குமதியாகிறது. ஒரு கையால் யூரியாவுக்கும் மறு கையால் எரிவாயுக் கலத்துக்கும் மானியம் தரும்போது, முதல் மானியம் இரண்டாவதன் பயனை அரிக்கிறது என்பதைத் திட்டமிடுவோர் கருத்திற்கொள்ள வேண்டும்.

குழம்பில் பத்தில் ஒன்பது பங்கு நீர். தலைச்சுமையாகத் தொலைவு வயலுக்குக் கொண்டு செல்வது எளிதன்று. வெயிலில் காயவைத்தாலோ அம்மோனியாவாக உள்ள தழைச்சத்தின் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். பாசன வாய்க்காலில் கலந்து விடுவதும், சருகும் குப்பையும் நிரப்பிய எருக்குழியில் ஊற்றுவதும் சிறந்த முறைகள். கலம் கட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே எருக்குழிக்கும் இடம் குறிக்காத அலுவலர் வேலையில் பாதியைத்தான் செய்தவராவார்.

சாணம் யாருடையது?

நான்கைந்து மாடு உள்ளவருக்கே குடும்பக் கலம் பயன்படும் என்பதால், மானியத்தின் பயனும் அவருக்கே போய்ச் சேர்ந்தது. இதனினும் கடுமையான ஐயம் ஒன்று 1970களிலேயே பொருளாதார அறிஞர்களிடையே எழுந்தது. நிலமும் மாடும் இல்லாத பெண்கள் வழியிலும் மேய்ச்சல் வெளியிலும் சாணம் பொறுக்கி, வரட்டி தட்டித் தம் அடுப்பை எரிக்கிறார்கள். சிலர் விற்கவும் செய்கிறார்கள். மாட்டுக்காரரின் தொழுவத்தில் கலம் வந்துவிட்டால், நேற்றுவரை யாரும் கேளாத சாணம் இன்று மதிப்புள்ள உடைமையாகிவிடும். ஒரு வீட்டின் எரிபொருள் பெருக, மற்றொரு வீட்டின் எரிபொருள் மறையும். ஆதாயச் செலவுக் கணக்கு நிகர ஆதாயத்தைக் காட்டும். ஆதாயம் யாருக்கு, செலவு யாருக்கு என்பதைக் காட்டாது. பொருளியல் மாணவர்கள் இதனை மனத்திற்கொள்ளல் நலம்.

இதற்கு விடையாகச் சமுதாய எரிவாயுக் கலங்கள் முன்வைக்கப்பட்டன. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில், குணிகல் வட்டத்திலுள்ள பூரா கிராமத்து அனுபவம் இதில் கற்கத்தக்கது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஏ. கே. என். ரெட்டியின் குழு அங்கே பணியாற்றியது. ஊர் முழுமைக்கும் சமையல் வாயு தருவதே முதல் எண்ணம். ஊரில் கிடைத்த சாணம் அதற்குப் போதவில்லை. மக்களோ குடிநீரையும் விளக்கையும் வேண்டினர். ஆகவே 1987இல் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டி, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து குடிநீரும் வீடுகளுக்கு மின் விளக்கும் தரும்படி திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. கொண்டுவரும் சாணத்தை எடைபோட்டு, கிலோவுக்கு 2 பைசா கூலி தந்தனர். வடிகட்டிய எரு, சாணம் தந்தவர்களுக்கே அளவின்படி திரும்பிச் சென்றது. சாணத்தின் மீதான உரிமை மாட்டுக்காரரிடமே நின்றது. குழாய்த் தண்ணீரோ மாடில்லாத வீட்டுக்கும் வந்தது. பல ஆண்டுகள் அது இயங்கியதற்கு எஞ்சினைக் காட்டிலும் இந்த ஏற்பாடே காரணம் என்று கொள்ளலாம்.

கட்டியவையும் இயங்குபவையும்

1981-82இல் தேசிய எரிவாயு வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின் கலங்களின் எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது; இதுவரை 50 லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பக் கலங்கள் கட்டப்பட்டுள்ளன. மார்ச்சு மாத இறுதிக்குள் இலக்கை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் கட்டியவையும் இவற்றுள் உண்டு. எத்தனை கட்டினோம் என்ற கேள்விக்கு அட்டவணையில் இடமுண்டு. எத்தனை எரிகின்றன என்பதற்கு வெகு காலம் இடமில்லை. சீனமும் இதற்கு விலக்கன்று. 1970களில் அங்கு அவசரமாகக் கட்டிய சுமார் 70 லட்சம் கலங்களில் பெரும் பகுதி சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது.

நேபாளம் பிந்தித் தொடங்கியது. 1992இல் நெதர்லாந்து உதவியுடன் அங்கு அமைந்த திட்டத்தில், மானியத்தைத் தரக் கட்டுப்பாட்டோடு பிணைத்தனர். ஒரே மாதிரியான கலம்; கட்டும் நிறுவனமே சில ஆண்டுகளுக்குப் பழுதுபார்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும்; சோதனையில் குறை கண்டால் அந்நிறுவனத்துக்குத் தண்டம். பல வீடுகளில் கழிப்பிடமும் கலத்தோடு இணைக்கப்பட்டது. குளிர்ந்த மலைநாடாக இருந்தும் அங்கே கட்டிய கலங்களில் மிகப் பெரும்பான்மையானவை இயங்கின.

அண்மைக் காலத்தில் கவனம் பெரிய கலங்களின் பக்கம் திரும்பியுள்ளது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் கிராமத்துச் சமையற்கட்டுகளுக்கு எரிவாயு உருளையைக் கொண்டு சென்றபின், எரிபொருள் என்ற அளவில் மட்டும் குடும்பக் கலத்தைப் பரிந்துரைப்பது கடினமாயிற்று. 2018இல் கோபர்தன் திட்டம் வந்தது. 2022 பிப்ரவரியில் இந்தூரில் திறக்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கையாளும் திறனுடையது. அதிலிருந்து கிடைக்கும் வாயு நகரப் பேருந்துகளுக்கும் செல்கிறது. வீடுதோறும் குப்பையைப் பிரித்து வாங்கும் பழக்கம் அந்நகரில் முன்னரே வேரூன்றியிராவிட்டால் இது கைகூடியிராது.

பெரிய ஆலைகளும் எருவின் கணக்கிலிருந்து தப்ப முடியாது. 2020 ஜூலையில் சத்தீஸ்கர் அரசு சாணத்தைக் கிலோ 2 ரூபாய்க்குக் கொள்முதல் செய்யத் தொடங்கியபோது நிலமற்றோரும் சேகரித்து விற்க முடிந்தது. அவ்விலையில் ஒரு கன மீட்டர் வாயுவுக்குச் சாணச் செலவு மட்டும் 50 ரூபாய். அதற்கு ஈடான 0.43 கிலோ சமையல் எரிவாயுவோ அக்காலச் சந்தை விலையில் 40 ரூபாயைக்கூட எட்டவில்லை. எருவை நல்ல விலைக்கு விற்றால்தான் சாணம் கொண்டுவரும் கைக்கு 2 ரூபாய் தர முடியும். 2023 ஜூனில் மத்திய அரசு இத்தகைய ஆலைகளின் எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி வழங்க முடிவு செய்தது. விற்பனைக்கு வரும் எருவுக்கே இது கிடைக்கும். குழம்பைத் தன் வயலுக்கே பாய்ச்சிக்கொள்ளும் நான்கு மாட்டு விவசாயியின் கணக்கில் யூரியா மூட்டையின் விலை இன்னும் 242 ரூபாயாகவே நிற்கிறது.