நடைபாதையிலிருந்து பதிவேட்டுக்கு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஓவியர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. யார் வரைந்தார், எந்தச் சேரியைப் பார்த்து வரைந்தார், பார்த்த பார்வை யாருடையது என்றெல்லாம் நம் பத்திரிகைகளில் சண்டையே போட்டிருக்கிறோம். ஆனா வரைஞ்சதைக் கொண்டுபோய் ஆணியில மாட்டுறாரே ஒருத்தர், மாட்டாம விடுறாரே, அவரைப் பத்தி யாரும் வாயே திறந்ததில்லை. நம் அரசு அருங்காட்சியகங்களில் அவருக்குக் 'காப்பாட்சியர்' என்று பெயர். பொருளைக் காக்கிறவர். எதைக் காப்பது, எதை மழையில் நனைய விடுவது என்று தீர்மானிப்பதும் அதே நாற்காலிதான். இன்றைக்கு அந்த நாற்காலியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் பிழைப்பு. வங்கியில் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு மதிப்பு என்பது எப்படி உண்டாகிறது என்று தினமும் தெரியும். பாட்டி கழுத்திலிருந்து கழற்றித் தருகிறாள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்க்கிறார். அவர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது தங்கம். அதுவரைக்கும் அது பாட்டியின் பேச்சு மட்டும்.

நான் எடுத்துக்கொள்ளும் ஊர் பிராட்ஃபோர்ட். வட இங்கிலாந்தில் கம்பளி, பட்டு ஆலைகளால் வளர்ந்த ஊர். அங்கே லிஸ்டர் பூங்காவுக்குள் 1904இல் திறந்த கலைக்கூடம் ஒன்று இருக்கிறது, கார்ட்ரைட் ஹால் என்று பெயர். நகராட்சி நடத்துவது. யார் இந்த கார்ட்ரைட்? 1785இல் விசைத்தறிக்குக் காப்புரிமை வாங்கிய எட்மண்ட் கார்ட்ரைட். விசைத்தறி அங்கே கைத்தறி நெசவாளியை என்ன செய்தது, கடல் தாண்டி இங்கே என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டப் பணம் கொடுத்தவர் ஆலை முதலாளி சாமுவேல் லிஸ்டர். இவருடைய மானிங்காம் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்து 1890 டிசம்பரில் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். 19 வாரம் நின்றார்கள். தோற்றார்கள். அந்தத் தோல்வியின் சூட்டில்தான் 1893இல் அதே ஊரில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பிறந்தது. முதலாளி கலைக்கூடம் கட்டிக் கொடுத்தார். கட்டடம் ரொம்ப அழகு என்கிறார்கள், இருக்கட்டும்.

1950, 60களில் அந்த ஆலைகளின் இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. பாகிஸ்தானின் மீர்ப்பூர்ப் பக்கத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் நின்றார்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கு அந்த ஊரின் ஒரு பெரிய பகுதி. 2021 கணக்கெடுப்பில் பிராட்ஃபோர்ட் மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஆசிய வம்சாவளியினர். ஆலைகள் மூடின, லிஸ்டர் ஆலை இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. கலைக்கூடம் மட்டும் அப்படியே. அது யாருடைய வரியில் ஓடுகிறது? இரவு ஷிப்டு பார்த்தவனின் வரியிலும்தான். அவன் முகம் சுவரில் உண்டா?

இங்கே கொஞ்சம் லண்டனுக்குப் போய்விட்டு வரணும். 1985 நவம்பரில் லண்டனின் சமகாலக் கலை நிறுவனத்தில் 'மெல்லிய கறுப்புக் கோடு' என்று ஒரு கண்காட்சி. தொகுத்தவர் லுபைனா ஹிமிட், சான்சிபாரில் பிறந்த ஓவியர். கறுப்பின, ஆசியப் பெண்கள் 11 பேரின் வேலைகள். நிறுவனம் ஒதுக்கிய இடம் எது தெரியுமா? அரங்கு இல்லை. வாசலிலிருந்து உள்ளே போகிற நடைபாதை. காபி குடிக்கப் போகிறவன் தோளில் உரசிக்கொண்டு போகிற சுவர். நமக்குத் தெரிந்த ஏற்பாடுதான், திண்ணை வரைக்கும் வரலாம். ஹிமிட் மறுத்துவிட்டுப் போயிருக்கலாம், அதிலும் நியாயம் உண்டு. அவர் நடைபாதை நெடுகச் சுவரை நிறைத்தார். அந்தத் தலைப்பே இடத்தைக் குத்திக்காட்டுகிறது. எனக்கு இது ஒரு கவிதை மாதிரிதான் படுகிறது. கொடுத்த அவமானத்தையே தலைப்பாகப் போட்டுத் திருப்பிக் கொடுப்பது.

அந்த நடைபாதையில் இருந்த ஒரு வேலை, சுதபா பிஸ்வாஸ் என்பவருடையது. 'இறைச்சிக் கத்தி ஏந்திய இல்லத்தரசிகள்' என்று சொல்லலாம். சாந்திநிகேதனில் பிறந்து சிறு வயதிலேயே இங்கிலாந்து போனவர். காளி மாதிரி ஒரு பெண். கைகள் நான்கு. ஒன்றில் கத்தி, ஒன்றில் வெட்டிய ஆண் தலை, கழுத்தில் தலை மாலை. அக்குள் மயிரோடு, வீட்டுப் புடவைக்காரி மாதிரியே நிற்கிறாள். காளி என்றதும் நம் தோழர்கள் சிலருக்கு முகம் சுளிக்கும், இந்து அடையாளம் என்று. எல்லையில் நிற்கிற நம் காளியை யார் எப்போது கருவறைக்குள் தூக்கிப்போனார்கள் என்பது தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயம். இப்போதைக்கு விடுகிறேன். நடைபாதையில் மாட்டப்பட்ட இந்தப் படம் இன்றைக்கு இருப்பது பிராட்ஃபோர்ட் நகராட்சிச் சேகரிப்பில்.

இதை எப்படி வாங்குகிறார்கள் என்றுதான் நான் நுணுக்கமாகத் தேடிப் படித்தேன். நகராட்சிக் கூடத்துக்குக் கொள்முதல் பணம் சொற்பம். ஆகவே காப்பாளர் ஒரு குறிப்பு எழுதுகிறார்: இந்த வேலை ஏன் இந்த ஊருக்கு வேண்டும், விலை நியாயமா, எங்கே வைப்போம், எப்படிப் பாதுகாப்போம். 1881இலிருந்து நடக்கிற விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கொள்முதல் மானியம் ஒன்று உண்டு, பாதி விலை வரை அதில் கேட்கலாம். மிச்சத்துக்கு வேறு அறக்கட்டளைகள். சமகாலக் கலைச் சங்கம் என்று 1910இல் தொடங்கிய ஒன்று, புதிய வேலைகளை வாங்கி உறுப்பினர் கூடங்களுக்குப் பகிர்ந்து தரும். எல்லாம் கூடி வந்தபின் பொருள் சேர்க்கைப் பதிவேட்டில் ஏறுகிறது. எண், தேதி, யாரிடமிருந்து, என்ன விலை. ஒரு வரி. அந்த ஒரு வரி விழுந்துவிட்டால் அதை வெளியே தூக்கிப் போடுவது லேசில்லை. ஆட்சி மாறினாலும், காப்பாளர் மாறினாலும், கவுன்சிலருக்குப் பிடிக்காவிட்டாலும், தீர்மானம் போட்டு, காரணம் எழுதித்தான் நீக்க முடியும். சுவரிலிருந்து இறக்கலாம். பதிவேட்டிலிருந்து இறக்குவது கஷ்டம்.

கண்காட்சிக்கும் சேகரிப்புக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் தோழர்களே. நாம் கண்காட்சி நடத்துகிறோம். அம்பேத்கர் பிறந்தநாளுக்கு நடத்துகிறோம், பறை முழக்கத்தோடு திறக்கிறோம், மூன்றாம் நாள் கழற்றிக் கட்டிவைக்கிறோம். கட்டிவைத்தது எங்கே? ஒருவர் வீட்டுப் பரணில். கரையான் படித்துக்கொண்டிருக்கிறது.

பிராட்ஃபோர்டில் இந்தச் சேகரிப்பை உருவாக்கியவர் நீமா பூவையா-ஸ்மித். 1980களின் நடுவில் சேர்ந்தார். பதவிப் பெயர், 'இனக்குழுக் கலைகளின் காப்பாளர்'. கவனியுங்கள், வெள்ளைக்காரரின் ஓவியத்தைக் கவனிக்கிறவர் 'நுண்கலைக் காப்பாளர்'. அவருக்கு இனம் கிடையாது, அவரிடம் இருப்பது கலை. நம்மவரிடம் இருப்பது இனம். வங்கியில் இதைப் பார்த்தவன் நான். எஸ்.சி., எஸ்.டி. பிரிவு என்று ஒரு மேஜை இருக்கும். பதவி உயர்வில் அநியாயம் என்றால் அங்கே போ என்பார்கள். அந்த மேஜையில் இருப்பவருக்குக் கோப்பு உண்டு, அதிகாரம் கிடையாது. பிரச்சினை என்று ஒன்று இருப்பதற்கு அவரே சாட்சி, அதைத் தீர்த்துவிட்டதாகக் கணக்குக் காட்டவும் அவரே சாட்சி.

அந்தப் பெயருக்குள் இருந்துகொண்டே பூவையா-ஸ்மித் நகைகள், ஜவுளி, எழுத்தணி, பக்கத்திலேயே அங்கே வாழ்கிற ஆசிய, கறுப்பின ஓவியர்களின் புதிய வேலைகள் என்று வாங்கினார். 1989 ஜனவரியில் ருஷ்டியின் நாவலை எரித்துப் பிராட்ஃபோர்ட் உலகச் செய்தியான காலமும் அதற்குள்தான் வருகிறது. ஒரு பக்கம் 'இந்த ஆட்களுக்குக் கலை தெரியாது' என்கிற வெள்ளைப் பத்திரிகைகள், மறுபக்கம் சமூகத்தின் பெயரால் பேசக் கிளம்பிய பெரிய மனிதர்கள். நடுவில் ஒரு அரசு ஊழியர். 1997இல் இந்தச் சேகரிப்புக்கென்றே அங்கே தனிக் கூடங்கள் திறந்தன, பண்பாடுகளுக்கு ஊடானவை என்ற பொருளில் பெயர் வைத்து. 'இனக்குழு' போய்விட்டது. பெயர் மாற்றம் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஊர்ப் பெயரிலிருந்து 'சேரி'யை எடுக்க எத்தனை மனு கொடுக்கிறோம்?

(இந்த இடத்தில் ஒரு தோழர் குறுக்கிட்டு, 'இதெல்லாம் மேட்டுக்குடி விவகாரம், கூலி வேலைக்குப் போகிறவன் கலைக்கூடத்துக்கா வரப்போகிறான்?' என்று கேட்டார்.)

வரமாட்டான்தான். ஏன் வரமாட்டான்னு பாருங்க. அந்த வேலையின் அன்றாடத்தைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும். காகிதத்தில் வரைந்ததற்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் தரலாம், மேலே போனால் நிறம் செத்துவிடும், எண்ணெய் ஓவியம் 200 வரை தாங்கும். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம், அதாவது நிற்கிற வளர்ந்த ஆளின் கண்ணுக்கு. சக்கர நாற்காலிக்காரருக்கும் குழந்தைக்கும் அப்போதே கழுத்து வலி. பக்கத்தில் ஒட்டுகிற குறிப்பு ஐம்பது, அறுபது சொல். எந்த மொழியில்? ஆங்கிலம் மட்டுமா, உருதுவுமா? உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்கிற ஆள், காவலர், யாரை முறைக்கிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்? கோட்பாடெல்லாம் அப்புறம். இந்த ஆணியிலும் விளக்கிலும் குறிப்பிலும்தான் ஒருத்தனை வெளியே நிற்க வைக்கிறார்கள். ஆகவே உள்ளே இருந்து ஆணி அடிக்க ஆள் வேண்டும் என்கிறேன்.

ஆனால் பிராட்ஃபோர்டை அப்படியே கொண்டாடிவிட்டுப் போகவும் எனக்கு மனசில்லை. 'தெற்காசியக் கலை' என்று அட்டையில் எழுதினால் வெள்ளைக்காரருக்குப் புரியும். நமக்கு? தோலை யார் பதனிட்டார், நூலை யார் நூற்றார், நகையை யார் போட்டுக்கொள்ளக் கூடாது என்று ஊர் கட்டுப்பாடு வைத்தது? அந்த ஒற்றைச் சொல்லுக்குள் சாதி நிம்மதியாகத் தூங்குகிறது. இங்கிலாந்தில் ரவிதாசியர், வால்மீகியர் என்று நம் மக்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். சாதிப் பாகுபாட்டைச் சட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்று அங்கே 2010 சமத்துவச் சட்டத்தில் வழி வைத்தார்கள், 2013இல் அரசு கொண்டுவந்தே ஆகவேண்டும் என்று திருத்தினார்கள். 2018இல் வேண்டாம் என்று அரசே கைவிட்டது. பாராளுமன்றத்தில் விழாத சொல் கலைக்கூடக் குறிப்பட்டையில் தானாக விழாது. நிறவெறியைத் தெரிந்த காப்பாளருக்குச் சாதியும் தெரிந்துவிடும் என்று நம்ப முடியாது. நம்மில் ஒருவர் அங்கே இருந்து எழுதினால்தான் உண்டு.

அந்த நடைபாதைக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். ஹிமிட் 2017இல் டர்னர் பரிசு வாங்கினார், 63 வயதில். ஐம்பது வயதுக்கு மேல் கிடையாது என்ற விதியை அந்த ஆண்டுதான் எடுத்திருந்தார்கள். வெரோனிகா ரயன் 2022இல், 66 வயதில். சோனியா பாய்ஸ் அதே 2022இல் வெனிஸில் தங்கச் சிங்கம். 2025இல் அதே லண்டன் நிறுவனம் நாற்பது ஆண்டு கழித்து அவர்களைத் திரும்பக் கூப்பிட்டது, தொகுத்தவர் மறுபடியும் ஹிமிட். நாற்பது வருஷம்! ஓர் ஆள் வங்கியில் சேர்ந்து ஓய்வு பெறுகிற காலம். இதை வெற்றி என்று கைதட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

2025 டர்னர் பரிசுக் கண்காட்சி நடந்த இடம் எது? கார்ட்ரைட் ஹால். டிசம்பரில் பரிசு நெனா காலுவுக்கு. பேச்சு மிகக் குறைவாகவே வரும் ஆட்டிசம் உள்ள பெண், பெற்றோர் நைஜீரியர். துணி, கயிறு, பழைய வீடியோ நாடா எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றித் தொங்கவிடும் பெரிய உருவங்கள் அவருடையவை. 1999 முதல் ஒரு சிறிய அமைப்பின் உதவியோடு வேலை செய்துகொண்டே இருந்தவர். கற்றல் குறைபாடுள்ள ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது இதுதான் முதல்முறை. உடன் உழைக்கும் தோழி மேடையேறிப் பேசினார். இதே நகராட்சி 2024இல் பணமில்லாமல் அரசிடம் விசேஷ உதவிக்குக் கைநீட்டியது. விழா வரும் வருஷத்தில் வெளிச்சம் வரும். அடுத்த வருஷம் காப்பாளர் சம்பளத்துக்குக் காசு இருக்குமா என்பதுதான் கேள்வி.

சரி, நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று. நம் மாவட்ட அருங்காட்சியகங்களிலும் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. கடந்த இருபது ஆண்டில் உயிரோடிருக்கும் கலைஞர்களிடமிருந்து எத்தனை வேலை வாங்கினீர்கள், யாரிடம், என்ன விலைக்கு, பறை, மேளம், தோல்பாவை எதுவாவது இருந்தால் செய்தவர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், பிரதி நாற்பது இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒருவர் பெயர் கொடுங்கள். பின்வரிசையிலிருந்து ஆரம்பிப்போம்.