எடின்பரோவில் ஒரு நாள் நடை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பயணக்கதை ஒன்று சொல்லும்படி செயலாளர் கேட்டார். போன வருடம் ஸ்கொட்லாந்துக்குப் போயிருந்தேன். என் பெறாமகள் எடின்பரோவில் மருத்துவம் படிக்கிறாள். அவளுக்கு ஒரேயொரு நாள்தான் ஓய்வு. "பஸ் வேண்டாம் பெரியம்மா, நடந்தால்தான் இந்த ஊர் விளங்கும்" என்றாள். என் முழங்காலைப் பற்றி நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

பாறைக் குன்றின் மேலுள்ள கோட்டையில் தொடங்கினோம். அங்கிருந்து ஹொலிறூட் மாளிகை வரை இறங்கும் தெருவுக்கு றோயல் மைல் என்று பெயர். இரு பக்கமும் ஒழுங்கைகள். எங்கள் ஊர் வேலி ஒழுங்கைகள் போலல்ல; உயர்ந்த கல் மாடிகளுக்கு நடுவே, வெயில் எட்டாதவை. ஒன்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கோட்டையில் பீரங்கி வெடித்தது. கப்பல்கள் நேரம் பார்ப்பதற்காக 1861இல் தொடங்கிய வழக்கமாம். ஞாயிறு தவிர்ந்த நாட்களில் பகல் ஒரு மணிக்கு இன்றும் வெடிக்கிறார்கள். சுற்றியிருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் சுவரோரம் குனிந்துவிட்டேன். ஏனென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சென்ற் ஜைல்ஸ் தேவாலயத்தைப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பினோம். கிறேபிறையர்ஸ் மயானத்தருகே ஒரு நாய்க்குச் சிலை. எசமானின் கல்லறையை 14 வருடம் காத்ததாகக் கதை. வருகிறவர்கள் எல்லோரும் தடவித் தடவி அதன் மூக்குப் பளபளக்கிறது. சிலை வைத்தது 1873இல். "அந்த ஆண்டை மறவாதேங்கோ" என்று பெறாமகள் சொன்னாள்.

நிக்கல்சன் வீதியில் பெரிய தூண்களுடன் சத்திர சிகிச்சையாளர் மண்டபம் நிற்கிறது. 1869இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் சோபியா ஜெக்ஸ்-பிளேக்கும் தோழிகளும், எழுவராக, மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம் இரசாயனப் பரீட்சையில் ஈடித் பீச்சி எடுத்த புள்ளிகளுக்கு உரிய புலமைப்பரிசிலை அவருக்குக் கொடுக்கவில்லை. 1870 நவம்பர் 18இல் உடற்கூற்றியல் பரீட்சை எழுத இம்மண்டபத்துக்கு வந்தபோது ஒரு கூட்டம் சேற்றை எறிந்து, படலையை முகத்தில் சாத்தியது. உள்ளிருந்து ஒருவர் திறந்துவிட, நுழைந்து பரீட்சை எழுதினார்கள். குழப்புவதற்காக ஒரு செம்மறியையும் உள்ளே தள்ளிவிட்டார்களாம். 1873இல், அதே நாய்ச்சிலை ஆண்டில், அவர்களைச் சேர்த்ததே பிழை என்று நீதிமன்றம் தீர்த்தது. பட்டம் கொடுத்தது 2019இல், ஏழு பேரும் இறந்த பிறகு. இன்றைய மாணவிகள் எழுவர் மேடையேறி வாங்கினார்களாம்.

அந்தப் படலையின் முன் நான் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் காலத்தில் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிப்பிக்க இங்கு ஆளில்லை. ஐந்து பேர் ஆண்கள் கல்லூரி ஒன்றுக்குப் போய் வந்தோம். வாசலில் சைக்கிள் மணியும் கூக்குரலும். யாரும் சேறு எறியவில்லை. ஆனாலும் ஒரு கிழமையில் நான் நின்றுவிட்டேன். கணிதம் கஷ்டம் என்று வீட்டில் சொன்னேன். இந்தப் பொய்யை இன்றுதான் முதன்முதலாகச் சொல்கிறேன். மற்ற நால்வரும் போனார்கள். அவர்களில் ஒருவர் டொக்டராகி, ஓய்வும் பெற்று, முன்வரிசையில் இருக்கிறார்.

நினைவுப் பலகையருகே பெறாமகளை நிறுத்திப் படமெடுத்து, அன்றிரவே அவருக்கு அனுப்பினேன். "நீயும் பக்கத்தில் நின்றிருக்கலாமே" என்று பதில் வந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஹொலிறூட் மாளிகையை நாங்கள் பார்க்கவில்லை.