பால்சோறு தின்னும் வேட்டைக்காரர்கள்



விடிந்தும் விடியாமலும் போடியிலிருந்து மெட்டு ஏறும் ஜீப்புகள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய்விடும். அந்த ஆட்கள் போய்ச் சேரும் முன்பே தோட்டத்தில் ஒருவர் ராத்திரி வேலையை முடித்துவிட்டு, காய் உலர்த்தும் ஸ்டோரின் கதகதப்பில் சுருண்டு படுத்திருப்பார். பூனையார்தான். பழுத்த ஏலக்காயை எலி கடிக்கும், சாக்கையும் கடிக்கும். அதனால் ஸ்டோர் இருக்கும் இடத்தில் பூனையும் இருக்கும். மலையடிவாரத்தில், பொட்டிபுரம் பக்கம் வந்தாலும் அப்படித்தான்.   தானிய மூட்டை அடுக்கிய வீட்டுத் திண்ணையில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும் என்பதுதான் இன்றைக்கு நமக்கு விஷயம்.

அந்தப் பூனைக்கு நாம் என்ன போடுகிறோம்? பால்சோறு. பால் இல்லாத நாளில் தயிர்ச்சோறு. கறி எடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு எலும்பு. மீதியை அது பிடித்துத் தின்றுகொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. கூடவே, வயிறு நிறைந்த பூனை எலி பிடிக்காது என்று ஒரு பேச்சும் உண்டு. அந்தப் பேச்சில் உண்மை குறைவு. தின்றுகொண்டிருக்கும் பூனைக்கு எதிரே எலியை விட்டுச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தட்டை அப்படியே விட்டுவிட்டுப் போகும், எலியைக் கொல்லும், திரும்பி வந்து தட்டில் விட்ட இடத்திலிருந்து தின்னும். பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு.

இதே கதை இங்கிலாந்திலும் நடந்திருக்கிறது. அங்கே பூனை இருந்த இடத்தில் ஃபெரெட். நம்மூரில் ஃபெரெட்டைப் பார்த்தவர்கள் குறைவு. நீண்டு மெலிந்த உடம்பு, குட்டைக் கால், ஒரு கிலோ ஒன்றரைக் கிலோ எடை. பார்த்தவுடன் கீரி என்று சொல்லத் தோன்றும். உறவுமுறையில் கீரி பூனைப் பக்கம். ஃபெரெட்டோ நம் மலையோடைகளில் இருக்கும் நீர்நாயின் குடும்பம். மேகமலை, பெரியாறு, இரவிகுளம் காடுகளில் அரிதாகக் கண்ணில் படும் மஞ்சள் கழுத்து நீலகிரி மார்ட்டனும் அதே குடும்பம்தான். ஐரோப்பியக் காட்டு விலங்கு ஒன்றைப் பிடித்துப் பழக்கி, முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே விரட்ட வைத்தார்கள்; அதன் வழிவந்ததுதான் ஃபெரெட். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ, வாய்ப்பூட்டுப் போட்டு வளைக்குள் விடும் விலங்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அது ஃபெரெட்தான் என்பது பலருடைய கருத்து.

இவ்வளவு தேர்ந்த வேட்டைக்காரனுக்கு இங்கிலாந்துக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக என்ன வைத்தார்கள் தெரியுமா? பாலில் ஊறவைத்த ரொட்டி. நம் பால்சோற்றுக்குச் சீமைப் பதிப்பு. வேட்டைக்காரனுக்குக் கறி கொடுத்தால் முரடாகும் என்று அங்கேயும் ஒரு நம்பிக்கை இருந்தது. பிறகு அமெரிக்கச் செல்லப்பிராணிக் கடைகள் வந்தன, பையில் அடைத்த உலர் தீனி வந்தது. இப்போது அங்குள்ள ஃபெரெட் வளர்ப்பவர்களில் பலர் அந்தப் பையையும் ஒதுக்கிவிட்டுப் பச்சைக்கறி, முழு எலி, முழுக் காடை என்று திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் செய்வது சரிதானா, நம் திண்ணைப் பூனைக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்போம்.

முதலில் உடம்பு. பக்கத்து ஊரான கோம்பையின் பெயரைச் சொல்லும் நாய் இருக்கிறதே, அது கம்பங்கூழும் குடிக்கும், கறியும் தின்னும். மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுக்கள் நாயிடம் பெருகியிருப்பதை 2013-ல் வெளிவந்த ஒரு ஆய்வு காட்டியது. பூனையும் ஃபெரெட்டும் அந்த வழிக்கு வரவில்லை. ஃபெரெட்டின் குடல் மிகக் குட்டை. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். தாவர உணவை ஊறவைத்துச் செரிக்கும் பெருங்குடல் பை அதற்குக் கிடையவே கிடையாது. பூனையால் கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்ள முடியாது; ஈரலில் தயாராக இருப்பதைத்தான் தின்ன வேண்டும். வீட்டுத் தீனி இல்லாமல் வேட்டையிலேயே வாழும் பூனைகளின் உணவைக் கணக்கிட்டு 2011-ல் வெளியிட்டார்கள். கிடைக்கும் ஆற்றலில் 52 விழுக்காடு புரதம், 46 விழுக்காடு கொழுப்பு, மாவுச்சத்து வெறும் 2 விழுக்காடு. நம் பால்சோற்றில் இந்தக் கணக்கு தலைகீழ். போதாக்குறைக்கு, வளர்ந்த பூனைக்குப் பால் செரிப்பதும் கஷ்டம். பல பூனைகளுக்கு வயிறு இளகும்.

டாரின் என்று ஒரு பொருள். சதையிலும், குறிப்பாக இதயத்திலும் நிறைய இருக்கிறது, அரிசியில் இல்லை. நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும். பூனையால் தேவையான அளவு செய்ய முடியாது. அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 1987-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவர்கள் அதைவிடப் பெரிய செய்தியைச் சொன்னார்கள். இதயம் பலூன்போல் ஊதித் தளர்ந்துபோய் வந்த பூனைகளுக்கு டாரின் கொடுத்தபோது, அந்த இதயங்கள் தேறின. அவற்றில் பல பூனைகள் கடையில் விற்ற, பெயர்பெற்ற தீனியைத் தின்றவைதான். அதன் பிறகு தீனி நிறுவனங்கள் டாரினை அதிகப்படுத்தின.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பழைய கதை ஒன்று. 1930-களில் பாட்டெஞ்சர் என்ற அமெரிக்க மருத்துவர் சுமார் 900 பூனைகளை வைத்துச் சோதனை நடத்தினார். பச்சைக்கறி தின்றவை நன்றாக இருந்தன, வேகவைத்த கறி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன என்றார். பச்சைக்கறிக் கட்சிக்காரர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். பூனைக்கு டாரின் தேவை என்பது அன்று யாருக்கும் தெரியாது. கறியை வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டினால் போச்சு. நெருப்புப் பட்டதால் அந்தப் பூனைகள் கெட்டன என்பதைவிட, டாரின் போதாமல் கெட்டிருக்கலாம் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

பூனை எலியைத் தின்பதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? தலையிலிருந்து தொடங்கும். மண்டையோடு நொறுங்கும் சத்தம் கேட்கும். மயிர், எலும்பு, ஈரல், இதயம் எல்லாம் உள்ளே போகும். கடைசியில் தரையில் குடலோ இரைப்பையோ ஒரு துணுக்கு மட்டும் ஈரமாகக் கிடக்கும். முழு இரை என்பதன் பொருளே அதுதான். சதையில் பாஸ்பரஸ், எலும்பில் சுண்ணாம்பு, இதயத்தில் டாரின், ஈரலில் வைட்டமின் ஏ, ரத்தத்தில் உப்பும் நீரும். அன்பு மிகுந்து, எலும்பெடுத்த கோழி நெஞ்சுக்கறியை மட்டும் மாதக்கணக்கில் போட்டால், குட்டிப்பூனை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை இழுத்துக்கொள்ளும். கால் வளையும், தாவிக் குதித்தால் முறியும். வெறும் சதை முழு உணவு ஆகாது.

சரி, பழக்கம் மாற்றுவது எப்படி? ஃபெரெட் வளர்ப்பவர்களிடம் கற்க வேண்டியது இதைத்தான். அந்த விலங்கு எது உணவு என்பதை மூக்கால் படிக்கிறது, பிறந்து ஆறு மாதத்துக்குள் படித்து முடித்துவிடுகிறது. அதுவரை உலர் தீனியை மட்டும் முகர்ந்த ஃபெரெட்டின் முன் ஒரு எலியைப் போட்டால், அதை உணவாகவே எடுத்துக்கொள்ளாது. இழுத்து விளையாடும், ஒளித்து வைக்கும். எனவே கஞ்சியில் தொடங்குகிறார்கள். கறியையும் எலும்பையும் கொஞ்சம் இதயத்தையும் அரைத்து, வெந்நீர் விட்டுக் கரைத்து, மேலே பழைய தீனியைப் பொடித்துத் தூவி, விரலில் தொட்டு உதட்டில் தடவுகிறார்கள். நக்கிப் பழகிய பிறகு பொடி குறையும், கஞ்சி கெட்டிப்படும், பிறகு துண்டு, பிறகு கோழி இறக்கை நுனி. முழு எலிக்கு வரும்போது முதல் சில தடவை அதைக் கீறித் திறந்து வைக்கிறார்கள்; தோலுக்குள் இருக்கும் வாசனை மூக்குக்கு எட்டட்டும் என்று. இளசு ஒரு வாரத்தில் மாறிவிடும், கிழடு மாதக்கணக்கில் பிடிவாதம் பிடிக்கும். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். தின்றது போக மீதியை ஃபெரெட் துணிக்கடியில் பதுக்கும் என்பதால், மூலைமுடுக்கெல்லாம் தேடி எடுப்பதும் தினசரி வேலை.

ஒன்றை மட்டும் அவர்கள் செய்வதில்லை. பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவருவதில்லை. நடுவயது ஃபெரெட்டுகளுக்குக் கணையத்தில் கட்டி வந்து சர்க்கரை திடீரென்று இறங்கும் நோய் சகஜம். சில மணி நேரப் பட்டினியே ஆபத்தாகிவிடும். மாவுத் தீனிதான் அந்த நோயைக் கொண்டுவருகிறது என்று சிலர் சொல்வது இன்னும் சந்தேக அளவில்தான் நிற்கிறது. பூனைக்கும் பட்டினி ஆகாது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால், குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைத்து உயிருக்கே உலை வைக்கும்.

நம் திண்ணைப் பூனைக்கு வருவோம். முழுக் காடை போடலாமே, பண்ணைக் காடை இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறதே, பச்சையாகவே போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஐந்தாறு ஆண்டுக்கு முன்பு கேட்டிருந்தால் என் பதில் இவ்வளவு கண்டிப்பாக இருந்திருக்காது. இப்போது வேண்டாம் என்பேன். காரணம் பறவைக் காய்ச்சல். 2024 டிசம்பர் கடைசியில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் செத்தன. சோதித்ததில் எச்5என்1 கிருமி. அவற்றுக்குப் போட்ட கோழிக்கறி மீதுதான் முதல் சந்தேகம் விழுந்தது. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளிடமே அந்தக் கிருமி இருந்தது. அமெரிக்காவிலும் பச்சைக்கறித் தீனி தின்ற பூனைகள் இதனால் செத்திருக்கின்றன. ஃபெரெட்டுக்கும் காய்ச்சல் கிருமி சுலபமாகத் தொற்றும். 1933-ல் லண்டனில் மனித இன்ஃபுளுயன்சா கிருமியை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டை வைத்துத்தான்.

நாம் இருப்பதோ கேரள எல்லையில். மலைக்கு அந்தப்புறம் ஆலப்புழை, கோட்டயம் வாத்துகளுக்கு 2014-லிருந்து திரும்பத் திரும்ப இந்த நோய் வந்துகொண்டிருக்கிறது. வரும்போதெல்லாம் போடிமெட்டு, கம்பம்மெட்டு, லோயர்கேம்ப் சோதனைச் சாவடிகளில் கால்நடைத் துறையினர் நின்று வண்டிச் சக்கரத்துக்கு மருந்து அடிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தாலும் இந்தக் கிருமி சாகாது. கறி நன்றாக வெந்தால் செத்துவிடும். பச்சைக்கறியில் வேறு தொல்லைகளும் உண்டு: சால்மோனெல்லா, நாடாப்புழு, கர்ப்பிணிகளை மிரட்டும் டாக்ஸோபிளாஸ்மா.

ஆகவே என் யோசனை இது. கறிக்கடையில் கோழிக்கறியோடு இதயத்தையும் கேட்டு வாங்குங்கள். தனியாகக் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவையுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும். வெந்த எலும்பு ஊசியாக உடையும், அதை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, கழுவி வேகவைத்துக் காயவைத்த முட்டை ஓட்டை மாவாக இடித்து, அரைக் கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டிக்குக் குறையாமல் கலந்துகொள்ளுங்கள். ஈரல் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். டாரின் அதில்தான் இருக்கிறது. முதல் வாரம் வழக்கமான சோற்றில் இதைப் பிசைந்து வெதுவெதுப்பாக வையுங்கள், பாலை நிறுத்துங்கள். சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் ஒரு மாதத்தில் பூனை மாறிவிடும். மீன் போடுவதானாலும் வேகவைத்தே போடுங்கள். பச்சை மத்தியைத் தினமும் தின்றால் வைட்டமின் பி1 அழிந்து நடை தள்ளாடும். வருடக்கணக்கில் வீட்டுக் கறியையே நம்புவதானால், மருத்துவரிடம் ஒருமுறை காட்டி என்ன குறைகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேனியில் இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

தோட்டத்தில் கீரிக்குட்டி கிடைத்தது, ஃபெரெட் மாதிரி வளர்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. 2022-ல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கீரி முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக எலி விஷம். ஸ்டோரில் மருந்தும் வைத்துப் பூனையும் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கேக்கு மாதிரிக் கட்டியாக வரும் புரோமாடியோலோன் தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் தளர்ந்து தள்ளாடும். அந்த எலிதான் பூனைக்குச் சுலபமான இரை. அப்படித் தின்ற பூனைக்கு ஈறு வெளுக்கும், மூக்கிலோ மலத்திலோ ரத்தம் வரும். அதற்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே1. கறுப்புப் பொடியாக வரும் துத்தநாக பாஸ்பைடுக்கோ அப்படி மாற்று மருந்து கிடையாது. அதனால் மருத்துவரிடம் ஓடும்போது பூனையோடு அந்த மருந்து அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் அவர் ஊசியை எடுக்க முடியும்.