வாகனமும் அமானிதமே

 

 இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மிம்பருக்குச் சற்றுப் புதியது. சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், சின்ன மகன் காரைப் பந்தயத்துக்காக மாற்றி வைத்திருக்கிறான். இது கூடுமா, கூடாதா என்று நீங்கள் சொன்னால்தான் கேட்பான்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அந்தக் கார் வந்த வரலாறு இது. வளைகுடாவில் வேலை செய்யும் மூத்த மகன், மூட்டுவலியால் அவதிப்படும் தாயாரைத் திருவண்ணாமலை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்காகப் பணம் அனுப்பினார். தானே கியர் மாற்றிக்கொள்ளும் சிறிய கார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார்கள். தம்பி அதை ஓட்டப் பழகினான். பிறகு எடையைக் குறைப்பதற்காகப் பின் இருக்கையையும் மாற்றுச் சக்கரத்தையும் கழற்றினான். சைலன்சரை மாற்றினான். எஞ்சினை ஆளும் கணினியின் மென்பொருளைத் திருத்தினான். பின் இருக்கைதான் தாயார் அமரும் இடம்.

வேகப் போட்டியே ஹராம் என்று நான் சொல்லமாட்டேன். நபிகளார் (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் இருக்கிறது. பந்தயத்திற்கென மெலியவைத்துப் பக்குவப்படுத்திய குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாவரை ஓடவிட்டார்கள். அது ஐந்து அல்லது ஆறு மைல் தொலைவு என்று அறிவிப்பாளர் சுஃப்யான் கூறுகிறார். பக்குவப்படுத்தாத குதிரைகளுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல்வரை ஒரு மைல்தான். இப்னு உமரும் அப்போட்டியில் கலந்துகொண்டார்கள்.

இளைஞர்களே, இதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். குதிரையை மெலியவைப்பது என்றால் முதலில் நன்றாகத் தீனி போட்டு, பின்பு படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கவைத்து, பல நாள் பழக்குவது. அப்படிப் பழகாத பிராணியின் மீது பெருந்தொலைவைச் சுமத்தவில்லை. எதற்கு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் எல்லை வகுத்தார்கள்.

இப்போது அந்தக் காரைப் பாருங்கள். சிறிய கார்களில் 2014இல் மாருதி செலேரியோவுடன் நம் நாட்டுக்கு வந்த ஏ.எம்.டி. முறையில் கிளட்சு மிதி மட்டுமே கிடையாது. கிளட்சு உள்ளே இருக்கிறது. காலுக்குப் பதிலாகக் கணினியின் கட்டளைப்படி ஒரு இயந்திர அமைப்பு அதை அழுத்தி விடுகிறது. நெரிசலில் கால் வலிக்காமல் போவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நின்ற நிலையிலிருந்து மீண்டும் மீண்டும் சீறிக் கிளப்பினால் கிளட்சுத் தகடு வழுக்கிக் கருகும். எண்ணெயின் விசையால் இயங்கும் மற்றொரு வகையில், பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒருசேர மிதித்து நிற்கவைத்துப் பாயவிடுவார்கள். உள்ளிருக்கும் எண்ணெய் கொதித்துத் தன் தன்மையை இழக்கும். இத்தனைக்கும் டிராக் பந்தயத்தின் தொலைவு கால் மைல், அதாவது 402 மீட்டர்தான். அதில் ஓரிரு விநாடி குறைவதற்காகத்தான் இவ்வளவு செலவும். பிரேக் மட்டும் கம்பெனி கொடுத்த அதே பிரேக்! வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்கு வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள்.

அவன் ஓடிய இடமோ செஞ்சி போகும் நெடுஞ்சாலை, நேரமோ நள்ளிரவு. நம் ஊர் வழியாகத்தான் பௌர்ணமிதோறும் கிரிவலத்திற்கு வண்டிகள் செல்கின்றன. அதிகாலையில் பால்காரர் வருகிறார், கரும்பு வண்டி வருகிறது, நம் பிள்ளைகளே ஃபஜ்ருக்கு நடந்து வருகிறார்கள். பிறருக்குத் தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்னும் நபிமொழி இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்ற கருத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான் (2:195). சாலையில் போகிறவர் முஸ்லிமா, மாற்று மதச் சகோதரரா என்று பார்த்து இக்கடமை வருவதில்லை.

அரசுச் சட்டமும் இதையே தடுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்கிறது. 2019 திருத்தத்தின்படி அவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் முதல் தடவை மூன்று மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை குற்றம் செய்தால் பெற்றோருக்கே மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தகப்பன்மார்களே, சாவியை எங்கே வைக்கிறீர்கள்? இன்ஷூரன்ஸ் செய்தபோது ஒரு வண்டியைக் காட்டி, பின்பு வேறொன்றாக மாற்றி ஓட்டுவது உடன்படிக்கையை முறிப்பதாகும்; ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது.

இன்னொன்றும் அவன் வாயிலிருந்தே தெரியவந்தது. தோற்றவன் எல்லோருக்கும் பிரியாணியும் பெட்ரோலும் வாங்கித் தர வேண்டுமாம். இரு தரப்பும் பணயம் வைத்து, வென்றவன் எடுத்துக்கொள்வது சூதாட்டம் என்பது ஃபிக்ஹு அறிந்தவர்களுக்குத் தெரிந்த சட்டம். "சோறுதானே ஹஜ்ரத்" என்றான். சோறானாலும் சூது சூதுதான்.

ஆர்வமே தவறென்று சொல்லி நான் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் நெடுங்காலம் பந்தயங்கள் நடந்தன. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் தனித்தடம் அமைந்தது. கோவையருகே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. அங்கெல்லாம் உரிமம், தலைக்கவசம், வண்டிப் பரிசோதனை, காத்திருக்கும் ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. தன் சம்பாத்தியத்தில், தன் வண்டியில், பணயமின்றி, தொழுகை தவறாமல் அங்கே போகிறவனிடம் எனக்கு வழக்கில்லை. அண்ணன் வியர்வை சிந்தி அனுப்பிய பணமோ தாயின் வைத்தியத்துக்கென்று வந்த அமானிதம். அதைத் தன் விருப்பத்துக்குச் செலவிட அவனுக்கு உரிமையே இல்லை.

நபிகளாரின் அள்பா என்னும் ஒட்டகம் எவராலும் முந்தப்படாமல் இருந்தது. ஒருநாள் கிராமவாசி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்தியது. தோழர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. உலகில் உயர்கிற எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் வழக்கம் என்று கூறி அவர்களைத் தேற்றினார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். தோல்வியை அவர்கள் எவ்வளவு இலகுவாக எடுத்துக்கொண்டார்கள் என்று அவனிடம் சொன்னேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

சென்ற வாரம் பின் இருக்கை மீண்டும் பொருத்தப்பட்டுவிட்டது. தாயார் அதில் அமர்ந்து மருத்துவமனைக்குப் போய் வந்தார்கள். சைலன்சர் இன்னும் மாற்றப்படவில்லை. அண்ணனுக்கு எழுதி மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன், எழுதுவதாகச் சொன்னான். அவனுக்காக நீங்களும் துஆச் செய்யுங்கள்.