உடம்புக்கும் ஏடு தொடக்குவோம்

(சங்க ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



விசயதசமி நாளிலே நம் குழந்தைகளை மடியிலிருத்தி, பச்சரிசியிலே விரல்பிடித்து 'அ' எழுதுவித்து ஏடு தொடக்குகின்றோம். எழுத்தறியாத பிள்ளையை நூல் படிக்கும்படி எவரும் பணிப்பதில்லை. உடம்பின் கல்வியிலோ நாம் நேர்மாறாக நடக்கின்றோம். ஓடும் முறை அறியாத பிள்ளையை நூறு மீற்றர் ஓடென்கின்றோம். பந்தை ஏந்தப் பழகாத பிள்ளையைக் கரப்பந்தாட்ட அணியிலே நிறுத்துகின்றோம். அப்பிள்ளை தவறினால், "இவனுக்கு விளையாட்டு வராது" என்று தீர்ப்பும் எழுதிவிடுகின்றோம். அத்தீர்ப்பு பிழையானது என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

உடம்புக்கும் ஓர் அரிச்சுவடி உண்டு. அதனை அடிப்படை இயக்கத் திறன்கள் என்பர். அவை மூவகைப்படும். நடத்தல், ஓடுதல், பாய்தல், கெந்துதல் ஆகியவை ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லும் இடம்பெயர் இயக்கங்கள். குனிதல், வளைதல், திரும்புதல், ஒற்றைக்காலில் நிலைத்து நிற்றல் ஆகியவை இடம்பெயராத இயக்கங்கள். எறிதல், ஏந்துதல், உதைத்தல், அடித்தல் ஆகியவை பொருளைக் கையாளும் இயக்கங்கள். உலகத்திலுள்ள விளையாட்டுக்கள் யாவும் இவ்வெழுத்துக்களைக் கூட்டி எழுதிய சொற்களேயாம்.

இடம்பெயர்தல் என்ற சொல்லை நம் ஊரவர் வேறு பொருளில் அறிவர். 1950களிலே இரணைமடுக் குளத்து நீரை நம்பி வந்து, காடு வெட்டிக் கழனியாக்கிய குடியேற்றக்காரரின் ஊர் இது. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளிலே மூட்டை முடிச்சுடன் ஊரோடு பெயர்ந்து சென்றோம். மீண்டு வந்த காலத்தில், கண்ணிவெடி அகற்றி முடியாத நிலங்களைக் காட்டி, "பாதையை விட்டு இறங்காதே" என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். உயிர் காக்கச் சொன்ன சொல் அது, குற்றமில்லை. ஆனால் ஓடித்திரிய வேண்டிய வயதிலே ஒரு தலைமுறை நின்ற இடத்திலே நிற்கப் பழகியது. அந்நாளைய பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகின்றனர். அச்சம் நீங்கிய பின்னும், "ஓடாதே, விழுவாய்" என்ற சொல் மாத்திரம் நம் நாவை விட்டு நீங்கவில்லை.

இத்திறன்கள் வயது வரத் தாமாகவே வந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. எறிதலையே எடுத்துக்கொள்வோம். சிறு குழந்தை உடம்பை அசைக்காது கையால் மாத்திரம் எறியும். சற்றுப் பழகியபின், எறியும் கைப்பக்கத்துக் காலையே முன்வைத்து எறியும். நன்கு பழகிய பிள்ளையோ எதிர்க்காலை முன்வைத்து, இடுப்பைத் திருப்பி, தோளைச் சுழற்றி எறிவான். இம்மூன்றாம் படிக்கு ஏறப் பயிற்சியும், "வலக்கையால் எறிந்தால் இடக்காலை முன்வை" என்று சொல்லித்தர ஒருவரும் வேண்டும். வாய்ப்புக் கிடைத்தால் ஆறேழு வயதளவிலேயே பிள்ளைகள் பல திறன்களை எய்துவர். கிடைக்காதவர், வளர்ந்த பின்னும் முதற்படியிலேயே நிற்பர். இப்படிகளை ஏறாதவர் பின்னர் விளையாட்டுக்களிலே சேர முடியாது ஒரு தடையிலே முட்டி நிற்பர் என்று அமெரிக்க உடற்கல்வி அறிஞர் சீபெல்ட் 1980ஆம் ஆண்டிலே எடுத்துரைத்தார்.

நம் முன்னோர் இதற்குப் பாடநூல் எழுதவில்லை, விளையாட்டுக்களைத் தந்தனர். கிளித்தட்டிலே ஓடி, சட்டென நின்று, எதிரியை ஏமாற்றித் திரும்பப் பழகினோம். எட்டுக்கோட்டிலே கெந்தி ஒற்றைக்கால் நிலை கற்றோம். கிட்டியடித்துக் கண்ணையும் கையையும் இணைத்தோம். கொக்கான் வெட்டி ஏந்தக் கற்றோம். இன்று மாலை நேரத்தைத் தனியார் வகுப்பும் கைத்தொலைபேசியும் பங்கிட்டுக் கொள்கின்றன. இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. 2016ஆம் ஆண்டின் தரவுகளை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனத்தார், 11 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 81 பேர் போதிய உடலசைவின்றி வாழ்வதாகக் கணித்தனர். 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டுமென்பது அவர்கள் 2020ஆம் ஆண்டில் விதித்த அளவு.

இனி, மூட்டுக்களின் அசைவாற்றல் பற்றிச் சில சொல்வோம். தசை நீண்டு கொடுத்தால் மட்டும் போதாது. மூட்டைத் தன் முழு எல்லைக்கும் தன் வலிமையாலேயே கொண்டுசென்று மீட்கும் ஆற்றல் வேண்டும். நம் வழிபாட்டிலேயே இதற்கு இடமுண்டு. பிள்ளையார் முன் இடும் தோப்புக்கரணத்திலே கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் முழுதாக மடங்கி நிமிர்கின்றன. அட்டாங்க நமஸ்காரத்திலே உடம்பு முழுவதும் நீள்கின்றது. சப்பாணி கட்டித் தேவாரம் ஓதுகையில் இடுப்பு மூட்டு விரிகின்றது. இவை வழிபாட்டுக்காக ஏற்பட்டவையே. ஆயினும் பக்தியுடன் செய்பவனுக்கு உடல்நலம் உடன்பயனாகக் கிடைக்கின்றது. இன்றோ தோப்புக்கரணம் என்ற பெயரிலே காதைத் தொட்டு முழங்காலைச் சிறிது அசைத்து விடுகின்றோம்! பிள்ளையார் பொறுப்பார், முழங்கால் பொறாது.

பயிற்றுவோர்க்கு ஒரு சொல். ஓட்டம், பாய்ச்சலுக்கு முன்னர், தசையை இழுத்துப் பிடித்தவாறு நெடுநேரம் நிற்கவிடாதீர்கள். அது அவ்வேளைக்குத் தசையின் வேகத்தைச் சிறிது குறைக்கும். கைகளைச் சுழற்றுதல், காலை வீசுதல், நீள அடிவைத்துத் தாழ்ந்து நடத்தல் முதலிய அசையும் பயிற்சிகளே முன்னர் ஏற்றவை. இழுத்துப் பிடிக்கும் பயிற்சியைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம். பாயும் பிள்ளைக்கு முதலில் இறங்கக் கற்பியுங்கள். முழங்காலை மடக்கி ஓசையின்றி இறங்குபவனே காயமின்றிப் பாய்வான்.

1958ஆம் ஆண்டு தோக்கியோ நகரிலே நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். அப்பெருமையை நினைந்து நாம் மகிழ்கின்றோம். ஆனால் அப்பாய்ச்சலைப் பிரித்துப் பாருங்கள்: சீரான ஓட்டம், ஒற்றைக்காலால் எழும்பல், உடம்பைத் திருப்பல், இறங்கல். எல்லாம் அரிச்சுவடிதான். அதனை எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பித்தாலன்றி, அவர்களுள் யார் வீரர் என்பதை நாம் அறிவதெங்ஙனம்?

ஆனால் நாம் செய்வது யாது? இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கையிலே மைதானத்துக்குச் செல்கின்றோம். வேகமாக ஓடும் சிலரைத் தெரிந்தெடுக்கின்றோம். மிகுந்தவர் இல்லக் கொடியைக் கட்டிவிட்டுக் கைதட்டுகின்றனர். பயிற்சி மிகவும் வேண்டியவனுக்கே பயிற்சி இல்லை. பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பருவமெய்தியதும் "இனி என்ன விளையாட்டு?" என்று வீட்டிலே நிறுத்திவிடுகின்றோம். எலும்பு உரம்பெறும் வயது அதுவே என்பதைத் தாய்மார் உணரவேண்டும். போரிலே காலிழந்தோரும் நம்மிடையே வாழ்கின்றனர். செயற்கைக் கால் பொருத்தியவர்க்கும் எடையை மாற்றுதல், நிலைத்து நிற்றல், அடிவைத்தல் என்பனவே முதற்பாடங்கள். அவர்களும் நம் மைதானத்துக்கு உரியவர்களே.

சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு தை மாதத்திலே யாழ்ப்பாணம் வந்து உரையாற்றினார். அதன்பின் சில நாட்களிலே சென்னையிற் பேசுகையில், வாலிபர் முதலில் வலிமை பெறட்டும், சமயம் பின்னர் வரும் என்னும் கருத்தை வற்புறுத்தி, உதைபந்தாட்டத்தையே கீதைக்கு முன் வைத்தார். திருமூலரும் உடம்பை இறைவன் உறையும் கோயிலாகவே கண்டார். ஆதலின் இந்து வாலிபர் சங்கம் மைதானத்துக்குச் செல்வது சமயப் பணிக்குப் புறம்பானதன்று.

ஆகவே ஒரு வேண்டுகோள். அறநெறி வகுப்பு முடிந்தபின், ஒவ்வொரு ஞாயிறும் அரைமணி நேரம் சங்கம் பிள்ளைகளுக்கு ஒதுக்கட்டும். பெருஞ்செலவு இல்லை. நிலத்திலே கோடு கீற ஒரு தடி, நாலைந்து பழைய ரயர்கள், சில கயிறுகள், துணியிலே சுற்றிய பந்துகள் போதும். பரிசு வேண்டாம், முதலாம், இரண்டாம் இடம் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் சென்ற வாரத்துத் தன்னையே வெல்லட்டும். பெரியோரும் வரம்பில் நின்று பாராமல், இறங்கிக் கிளித்தட்டு மறிக்கட்டும்.

காடு வெட்டிய கைகள் நம் பாட்டன்மாருடையவை. நம் பேரப்பிள்ளைகளின் கால்கள், ஓட்டம் என்பது அஞ்சி ஓடுவது மட்டுமன்று, ஆடி மகிழ்வதும் ஆகும் என்பதை இம்மண்ணிலேயே கற்கட்டும். வரும் விசயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளையை மடியிலிருந்து இறக்கி, முற்றத்திலே ஓடவும் விடுங்கள்.